பத்து, பத்து, இருபத்துநாலு

அந்த வீட்டில் மற்ற எவரையும் விட அதிக மரியாதை சமக்குறிக்குத்தான். வாத்தியார் போடும் சமக்குறியில் இரண்டு கோடும் ஒரே நீளம் இருக்கும். ஒரு பக்கத்தில் இருபது சமக்குறி இருந்தாலும் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூட வரிசை தப்பியிருக்காது. அதன் இடப்பக்கம் இருப்பதும் வலப்பக்கம் இருப்பதும் உண்மையிலேயே சமமா என்பது அவருக்கு இரண்டாம்பட்சம்.

நான் அவருடைய கைடுகளைத் தட்டச்சு செய்பவள். பத்தாம் வகுப்புக் கணக்கு. இயற்கணிதம், வடிவியல், நிகழ்தகவு என்று எல்லாவற்றுக்கும் படிப்படியான விடைகள். வீட்டின் முன்னறையில் அவருடைய டியூஷன், பின்னால் சமையலறை, இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன அறையில் நானும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் கைப்பிடி வைத்த பேப்பர் வெட்டும் பலகையும். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அவர் கையால் எழுதிக் கொடுத்த பக்கங்கள் எல்லாம் அதில். முன்னால் நடக்கும் பாடமும் பின்னால் கொதிக்கும் குழம்பும் பன்னிரண்டு வருடமாக என் காதிலும் மூக்கிலும் ஏறிக்கொண்டிருந்தன. என்னை அவர் "டைப்பிங்கு" என்று கூப்பிடுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

பையன்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் நூத்துக்குநூறு. அது அவருக்கும் தெரியும். தெரிந்து சந்தோஷப்படுவார், அதுதான் கொடுமை.

அவர் சொந்தமாக ஒரு கணக்கும் உண்டாக்கி நான் பார்த்ததில்லை. பழைய கேள்வித்தாள், பழைய பாடப்புத்தகம், வேறு யாராவது எழுதிய கைடு, இவற்றிலிருந்து கணக்கை எடுப்பார். எண்ணை மாற்றுவார். பையில் இருந்த சிவப்புப் பந்து பெட்டிக்குப் போய் நீலப் பந்தாகும். அப்பாவின் வயது நாற்பதாக இருந்தால் நாற்பத்தைந்தாகும். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான் அது. அப்படியே போட்டால் காப்பி, எண்ணை மாற்றினால் புதுக் கணக்கு. மாற்றிய எண் அந்தக் கணக்கில் உட்காருமா என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. கையெழுத்துப் பிரதியில் எதையாவது அடித்து மாற்றினால் பக்கத்திலேயே அவர் இனிஷியல் போட்டுத் தேதியும் போட வேண்டும். இல்லாவிட்டால் நான் தட்டக் கூடாது. தப்பு எழுதியவர் மேலா தட்டியவர் மேலா என்று ஒரு தடவை பெரிய சண்டை வந்து பதிப்பாளர் வைத்த சட்டம் அது. வாத்தியாருக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்திருந்தது. கையெழுத்துப் போட ஒரு சாக்கு கிடைத்தால் அவர் விடமாட்டார்.

வீட்டில் அவருடைய மனைவி, ஒரே மகள். மனைவியை நான் அக்கா என்பேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பார். அடுப்புக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் நாள் முழுக்க நடந்துகொண்டிருப்பார். மகளை நானும் அக்காவும் பாப்பா என்போம். அப்பா அவளுக்கு வைத்த பெயர் மக்கு. அவள் செய்த குற்றம், ஒவ்வொரு கணக்குக்கும் "ஏன்" என்று கேட்டது.

"எக்ஸை அந்தப் பக்கம் தள்ளினா குறி ஏம்பா மாறுது?"

"மாறும். அதான் விதி. மக்கு, எழுது."

அவள் எழுதமாட்டாள். என் அறைக்கு வந்து கழிவுத்தாளின் பின்பக்கத்தில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கழித்துப் பார்த்து, "அக்கா, எதுவும் அந்தப் பக்கம் போகவே இல்லக்கா, ரெண்டு பக்கமும் ஒண்ணையே எடுக்கறோம்" என்பாள். எனக்கு அது புரிந்த மாதிரி தலையாட்டுவேன். பன்னிரண்டு வருடம் கணக்கைத் தட்டினேனே தவிர ஒரு கணக்கையும் நான் படித்ததில்லை. வர்க்கமூலக் குறி எந்தச் சாவியில் இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிந்த கணிதம். வாத்தியாரை ஏளனம் செய்யும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பாப்பா பத்தாவது பரீட்சை எழுதிய வருடம் வெயில் கொளுத்தியது. கணக்குப் பரீட்சை அன்று மதியம் வாத்தியார் பள்ளிக்கூட வாசலுக்கே போய், முதலில் வெளியே வந்த பையனிடம் கேள்வித்தாளைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பாத்தியா. என் கணக்கு. வார்த்தை மாறாம, எண் மாறாம வந்திருக்கு. முப்பத்தாறாவது கேள்வி. அஞ்சு மார்க்."

இருசமபக்க முக்கோணம். சமபக்கங்கள் பத்து சென்டிமீட்டர், அடிப்பக்கம் இருபத்துநாலு, உயரம் ஐந்து. பரப்பளவும் சுற்றளவும் காண்க. ஒன்பது வருடமாக அவர் கைடில் இருக்கும் கணக்கு. பரப்பளவு அறுபது, சுற்றளவு நாற்பத்துநாலு. கேள்வித்தாள் தயாரித்த மேதை அவர் கைடைப் பார்த்துக் காப்பி அடித்திருக்கிறார். எண்ணைக்கூட மாற்றாத சோம்பேறி. வாத்தியார் தெருவுக்கே இனிப்பு கொடுத்தார்.

பாப்பா வந்தாள். செருப்பைக் கழற்றினாள், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள்.

"அப்பா, முப்பத்தாறாவது கேள்வி தப்புப்பா."

"எது?"

"முக்கோணம்."

"அது என் கணக்கு."

"அதான்பா சொல்றேன்."

அவர் இனிப்பு டப்பாவை மூடிவிட்டு வெளியே போய்விட்டார். அவள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "பத்தும் பத்தும் சேந்தா இருபதுதான். அடிப்பக்கம் இருபத்துநாலு. ரெண்டு பக்கமும் நடுவுல எங்கக்கா சந்திக்கும்? அதையே எழுதிட்டு வந்துட்டேன். இப்படி ஒரு முக்கோணம் இருக்க முடியாதுன்னு."

அந்தக் கேள்விக்கு அவளுக்குக் கிடைத்தது பூஜ்யம். அவளோடு எழுதிய மற்றவர்கள் இல்லாத முக்கோணத்துக்குப் பரப்பளவு கண்டுபிடித்து ஐந்து ஐந்தாக வாங்கிக்கொண்டு போனார்கள். வெளியூரில் தங்கிப் படிக்கும் அறிவியல் பள்ளி ஒன்று இருந்தது. அதில் சேர வேண்டும் என்று இரண்டு வருடமாக அந்தப் பெண் படித்தாள். அந்த வீட்டை விட்டு வெளியே போக அவளுக்கு இருந்த ஒரே கதவு அதுதான் என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பள்ளி கேட்ட மொத்தத்துக்கு மூன்று மார்க் குறைந்தது.

மறுமதிப்பீட்டுக்குப் பத்து நாள் கெடு. அக்காவும் பாப்பாவும் தேர்வு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையைத் தூக்காமலே பேசினாராம்.

"திருத்தினது சரியாத்தாம்மா இருக்கு. விடைக்குறிப்புல அறுபது, நாப்பத்துநாலுன்னு இருக்கு, பொண்ணு அத எழுதல."

"கேள்வியே தப்புங்க," என்றிருக்கிறார் அக்கா.

"ஒம்பது வருஷமா கைடுல இருக்குற கணக்குன்னு கேள்வி எடுத்தவரு சொல்றாரு. எழுதினவரே தப்புன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா பாக்கலாம். யாரு எழுதினது அது?"

அக்காவுக்கு அந்த இடத்தில் செத்துவிடலாம் போலிருந்ததாம். "எங்க வீட்டுக்காரர்தான்," என்று சொல்லிவிட்டு ஃபாரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரிடமும் போனார்கள். அந்த அம்மாள் முக்கோணத்தைப் பார்த்தாள், பாப்பாவைப் பார்த்தாள். "நீ சொல்றது சரிதான். ஆனா நான் சொன்னா எடுபடாது. உங்கப்பா கைடு வெச்சுத்தான் நாங்களே நடத்தறோம். எனக்கு எதுக்கு வம்பு, உங்கப்பாவையே கேளு" என்று கதவைச் சாத்திவிட்டாள். சரி என்று தெரிந்தும் வாயை மூடிக்கொள்வதற்குத்தான் இவர்களுக்கெல்லாம் பட்டம் கொடுக்கிறார்கள்.

அன்று மதியச் சாப்பாட்டின்போது பேச்சு ஆரம்பித்தது. நான் ப்ரூஃப் பார்ப்பதுபோல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, நடுவில் கதவே கிடையாது.

"ஒரு கையெழுத்துதானே கேக்குறா. உங்க உயிரையா கேக்குறா," என்றார் அக்கா, சோற்றைப் போட்டுக்கொண்டே.

"என் கைடுல தப்புன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? நாளைக்கு எவன் மதிப்பான்?"

"தப்பு இருக்கா இல்லையா?"

"படம் அளவுப்படி இல்லைன்னு கீழேயே போட்டிருக்கேன். அதைப் படிச்சாளா உன் பொண்ணு?"

"அளவுப்படி இல்லைன்னா கோணலா வரைஞ்சிருக்கீங்கன்னு அர்த்தம்பா," என்றாள் பாப்பா. "வரையவே முடியாதுன்னு அர்த்தம் இல்ல."

"ஊரே அறுபது, நாப்பத்துநாலுன்னு எழுதுச்சு. ஊர்ல இருக்கறவன் எல்லாம் முட்டாள், நீ ஒருத்திதான் புத்திசாலி."

"ஊரே உங்க கைடைத்தானேப்பா படிச்சுது."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. வாத்தியார் மோரை ஊற்றிப் பிசைந்தார்.

"இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? ரெண்டாவது லிஸ்ட் போடுவாங்க. சீட் கிடைக்கும், இல்லைன்னா கிடைக்காது. ரெண்டுல ஒண்ணு. நிகழ்தகவு அரை. சும்மா அழாத."

"அதெப்படிப்பா அரை? இந்தக் கூரை இப்ப இடிஞ்சு விழும், இல்லைன்னா விழாது. அதுவும் ரெண்டுதான். அரைன்னா நான் இங்க உக்காந்து சாப்பிடுவேனா?"

அவர் தட்டிலேயே கை கழுவினார். எழுந்து என் அறைக்கு வந்து நின்றார். ஈரக்கையை என் ப்ரூஃப் தாளில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"டைப்பிங்கு, ஒரு வழி இருக்கு. நான் பதிமூணுன்னு எழுதிக் குடுத்ததை நீ பத்துன்னு தட்டிட்டேன்னு ஒரு லெட்டர் அடி. நீ கையெழுத்துப் போடு. அச்சுப்பிழைன்னு நான் மேலொப்பம் போட்டுத் தரேன். அவ வேலையும் முடியும், என் பேரும் கெடாது."

"பதிமூணா சார்?"

"பதிமூணுதான் சரியா வரும். அதுகூடவா எனக்குத் தெரியாது?"

தெரிந்திருக்கிறது. கையைத் துடைத்த அந்த ஈரத்தோடு அதைச் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. நிஜமாகவே நான்தான் தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று. ஒன்பது வருடத்துக்கு முந்தின பக்கம், யாருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பெண்ணின் படிப்பு என் விரலால் போயிற்றோ. அவர் சொன்னபடியே லெட்டரை அடித்து, கையெழுத்தும் போட்டு மேஜையில் வைத்துவிட்டேன். பதிப்பாளர் என்னை நிறுத்திவிடுவார் என்பது தெரிந்துதான் போட்டேன்.

மறுநாள் காலையில் சீக்கிரமே வந்து தகரப் பெட்டியை இழுத்தேன். பாப்பாவும் கூட உட்கார்ந்து தூசி தட்டினாள். மூன்றாவது தாள்கட்டுக்குள் அந்த முக்கோணப் பக்கம் கிடைத்தது. அவருடைய முத்து முத்தான கையெழுத்து. சமபக்கங்கள் 13 செ.மீ. அந்தப் பதிமூன்றின் மேல் ஒரு கோடு. மேலே 10. பக்கத்தில் சின்ன எழுத்தில் "கூட்டச் சுலபம்". அதன் கீழே இனிஷியல், தேதி.

பாப்பா என் லெட்டரை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"நீங்க பொய் எழுதி வர்ற அஞ்சு மார்க் எனக்கு வேணாம்கா."

"உனக்கு சீட் போயிடும்."

"போனா அப்பாவால போகட்டும். உங்களால வேணாம்."

இதையெல்லாம் சமையலறை வாசலில் நின்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து பக்கத்தை வாங்கிப் பார்த்தார். பதிமூன்றையும் பத்தையும் விரலால் தடவினார். "கூட்டச் சுலபம்," என்று ஒரு தடவை வாசித்தார். அப்புறம் கைடு அட்டைக்கு வைத்திருந்த தடித்த தாள் ஒன்றை எடுத்து, தையல் டேப்பால் அளந்து, என் பலகையில் வைத்து மூன்று துண்டு வெட்டினார். பத்து, பத்து, இருபத்துநாலு. துணி வெட்டிப் பழகின கை, ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

"சாயங்காலம் வரட்டும்," என்றார்.

ஐந்து மணிக்கு முன்னறை நிரம்பியது. அடுத்த வருடம் பத்தாவது எழுதப்போகும் முப்பது பேர். வேர்வை நாற்றமும் பென்சில் சீவிய நாற்றமும். வாத்தியார் கரும்பலகையில் முக்கோணங்கள் என்று எழுதி அடிக்கோடு போட்டார். அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக உள்ளே போய் அவர் மேஜையில் மூன்று துண்டுகளையும் வைத்தார். இத்தனை வருடத்தில் டியூஷன் நேரத்தில் அவர் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை.

"இதை முக்கோணமா வெச்சுக் காட்டுங்க."

"உள்ள போ. பாடம் நடக்குது."

"பாடம்தான் கேக்கறேன். இது பத்து, இது பத்து, இது இருபத்துநாலு. உங்க கணக்கு. வெச்சுக் காட்டுங்க, போயிடறேன்."

முன்வரிசையில் ஒருவன் எட்டிப் பார்த்தான். வாத்தியார் சுற்றிலும் பார்த்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, உண்மையிலேயே வைத்துப் பார்த்தார். நீளத் துண்டைக் கீழே வைத்து இரண்டு முனையிலும் சின்னத் துண்டுகளைப் பொருத்திச் சாய்த்தார். அவை சாய்ந்து சாய்ந்து கடைசியில் நீளத் துண்டின் மேலேயே படுத்துவிட்டன. நடுவில் இரண்டு விரற்கடை இடம் வெறுமனே கிடந்தது. அவர் மறுபடி சாய்த்தார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை அந்த இடத்தில் விழுந்தது. எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

"துணி பத்தலைன்னா பத்தலைன்னு சொல்லிடுவோம் நாங்க," என்றார் அக்கா. "ஒட்டுப் போட்டுத் தெச்சு, அளவுப்படி இல்லைன்னு எழுதி ஒட்டமாட்டோம்."

முன்வரிசைப் பையன் கையைத் தூக்கினான். "சார், அப்ப எங்க பரீட்சைல இந்தக் கணக்கு வந்தா என்ன சார் எழுதறது?"

வாத்தியார் துண்டுகளைச் சேர்த்து மேஜை டிராயரில் போட்டு மூடினார். தொண்டையைச் செருமினார்.

"பரப்பளவு அறுபது. சுற்றளவு நாப்பத்துநாலு. எழுதிக்கோங்க."

முப்பது தலைகளும் குனிந்தன. முப்பது பேனாக்களும் ஓடின. கண்ணெதிரே அந்தத் துண்டுகள் சேராமல் கிடந்ததைப் பார்த்த அதே பிள்ளைகள். கேள்வி கேட்டவனும் எழுதினான், எழுதி இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டான். அக்கா என் அறைக்கு வந்து கையை நீட்டினார்.

"அந்தப் பக்கத்தக் குடு."

"அது பதிப்பகத்தோட பிரதிக்கா."

"குடு."

ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு அசலைக் கொடுத்தேன். எழுதியவர் தப்பு என்று எழுதித் தர வேண்டியதில்லை, தப்பை அவரே தேதி போட்டு எழுதியிருக்கிறார். மறுநாள் அக்காவும் பாப்பாவும் அதை ஃபாரத்தோடு குத்தி ஜன்னலில் நீட்டினார்கள். அந்த ஆள் முதல் தடவையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தாராம். கெடு முடிய அன்றோடு இரண்டு நாள்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. முப்பத்தாறாவது வினாவை முயன்ற அனைவருக்கும் முழு மதிப்பெண். பிழை என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அறுபது என்றவனுக்கும் ஐந்து, அறுநூறு என்றவனுக்கும் ஐந்து, இருக்க முடியாது என்று எழுதிய ஒரே பெண்ணுக்கும் அதே ஐந்து, போனால் போகிறது என்று. குறைந்த மூன்று மார்க்கும் வந்து இரண்டாவது லிஸ்டில் சீட் கிடைத்தது, பாப்பா பெட்டியை எடுத்து வைத்தாள். புறப்படும்போது மழை பிடித்துக்கொண்டது. அக்கா குடையோடு பஸ் வரைக்கும் போனார். வாத்தியார் வாசலில் நின்று, எதிர்வீட்டுக்காரரிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என் கணக்காலதான் ஊர்ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் அஞ்சு மார்க் கிடைச்சுது. விசாரிச்சுப் பாருங்க."

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. வர்க்கமூலக் குறி எங்கே இருக்கிறது என்று அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

புதுப் பதிப்புக்கான பக்கங்களை அடுத்த மாதம் கொண்டுவந்தார். அட்டையில் போட ஒரு வரியும் எழுதியிருந்தார். "பொதுத்தேர்வு வினாவையே மாற்றிய ஆசிரியரின் கைடு." அதையும் தட்டினேன். முக்கோணங்கள் பாடம் வந்தது. சமபக்கங்கள் பதிமூன்று, சரியாகப் போட்டிருந்தார். அடிப்பக்கம் இருபத்துநாலு. உயரம் ஐந்து என்று எழுதி, அதை அடித்து, ஆறு என்று மாற்றியிருந்தார். பரப்பளவு எழுபத்திரண்டு. சமக்குறிகள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி.

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தட்டுவதை நிறுத்தினேன். அட்டைத் தாளில் மூன்று துண்டு வெட்டினேன். பதிமூன்று, பதிமூன்று, இருபத்துநாலு. இந்தத் தடவை சேர்ந்தன. நடுவில் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன். உச்சி ஐந்தில் நின்றது. எத்தனை தடவை வைத்தாலும் ஐந்துதான், ஆறுக்கு ஒரு சென்டிமீட்டர் குறை.

அவரைக் கூப்பிட்டேன்.

"சார், இங்க அஞ்சை ஏன் ஆறு ஆக்கினீங்க?"

"அஞ்சுதான் போன தடவை பரீட்சைல வந்துடுச்சே. அப்படியே போட்டா காப்பின்னு சொல்லமாட்டானா? எண்ணை மாத்தணும் டைப்பிங்கு. இத்தனை வருஷமா இருக்க, இதுகூடத் தெரியல."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த அக்காவின் தையல் மெஷின் நின்றது. நான் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி, அடித்த ஐந்தின்மேல் விரலை வைத்தேன்.

"மாத்தின இடத்துல இனிஷியல் போடல சார்."

"அட, ஆமா," என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். போட்டார். தேதியும் போட்டார்.